ஆனேக்கல் வீடுகளின் வெந்நீர்: பாய்லரை விட்டு ஹைபிரிட் ஹீட்டருக்கு மாறுவது குறித்து எங்கள் நிலைப்பாடு

பாய்லரோ கெய்சரோ பழுதானால் அடுத்து என்ன வாங்குவது என்று எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் உறுப்பினர்கள் கேட்கிறார்கள். எங்கள் முடிவு இது: மாற்றும் நேரம் வந்துவிட்டால் இன்னொரு கெய்சர் வேண்டாம், ஹைபிரிட் ஹீட்டருக்குப் போங்கள். மாடியில் சோலார் ஒழுங்காக ஓடுகிற வீட்டில் அதைத் தொடவே வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு நாளைக்கு 150 லிட்டர் வெந்நீர் என்று வைப்போம். 20 டிகிரியில் வரும் தண்ணீரை 45 டிகிரிக்குக் கொண்டுவர 4.4 யூனிட் ஆகும். மாதத்துக்கு 130 யூனிட். கெய்சரில் எத்தனை ஸ்டார் இருந்தாலும் இது குறையாது. டேங்கில் ஏறிய சூடு வீணாகாமல் எவ்வளவு தங்குகிறது என்பதைத்தான் அந்த ஸ்டார் சொல்கிறது. ஹைபிரிட் ஹீட்டரில் ஃபிரிட்ஜில் இருப்பதுபோல ஒரு கம்ப்ரசர் உண்டு. அது வெளிக்காற்றின் சூட்டை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் சூடு கிடைப்பதால் 130 யூனிட் வேலை 45 யூனிட்டில் முடியும். விருந்தாளிகள் வந்து அவசரமாகத் தண்ணீர் சுட வேண்டிய நாளில் உள்ளே இருக்கும் காயில் கைகொடுக்கும். பத்து டிகிரிக்குக் கீழே இறங்குவதே அபூர்வமான நம் ஊர் இந்தக் கருவிக்கு மிகவும் தோதான இடம்.

2023-இல் கர்நாடக அரசு தொடங்கிய கிருக ஜோதி இலவச மின்சாரத் திட்டத்தால், 'மின்சாரம்தான் இலவசமாச்சே' என்று பலர் சும்மா இருக்கிறார்கள். ஆனால் மாதம் 200 யூனிட்டைத் தாண்டினால் முழு பில்லையும் நாமே கட்ட வேண்டும். குளிர்மாதங்களில் நடுத்தர வீடுகளை அந்தக் கோட்டுக்கு மேலே தள்ளுவது பெரும்பாலும் கெய்சர்தான்.

2007 முதல் நம் மின் விநியோக நிறுவனமான பெஸ்காமின் எல்லையில் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட புது வீடுகளுக்குச் சோலார் ஹீட்டர் கட்டாயம். நல்ல விதி. தனி வீடுகளுக்கு அது போதும். சந்தாபுரா, எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கத்து அடுக்ககங்களில் நிலைமை வேறு. மொட்டைமாடியில் எல்லா வீட்டுக்கும் இடமில்லை. கீழ்த்தளத்தில் குழாயைத் திறந்தால் சூடு வந்து சேருவதற்குள் ஒரு வாளி, இரண்டு வாளி பச்சைத்தண்ணீர் வடிகாலில் போகிறது. காசு கொடுத்து வாங்கிய டேங்கர் தண்ணீர் அது! இப்படிப்பட்ட வீடுகளில் குளியலறைக்குப் பக்கத்திலேயே, யூட்டிலிட்டியில் ஹைபிரிட் வைப்பது மின்சாரத்தோடு தண்ணீரையும் மிச்சம் பிடிக்கும்.

இங்கே பெரிய எதிரி போர் தண்ணீர். ஒரு வருடம் ஓடிய கெய்சரின் ராடைக் கழற்றினால் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு கட்டியிருக்கும், தட்டினால் ஓடு ஓடாக உதிரும். ஹைபிரிட்டும் இதிலிருந்து தப்பாது. ஆகவே சாஃப்ட்னர் இல்லாத வீட்டில் அவசரப்பட்டு வாங்க வேண்டாம். டேங்க் துருப்பிடிக்காமல் காக்கும் ஆனோடு ராடை எப்போது மாற்றுவார்கள், யார் வந்து மாற்றுவார்கள் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காற்றோட்டமில்லாத மூலையில் வைத்தால் காசு வீண்.

ஆனேக்கல் பழைய ஊரில் இன்னும் தேங்காய் மட்டையும் தைலமரக் கட்டையும் போட்டு எரிக்கும் செம்பு பாய்லர்கள் இருக்கின்றன. அந்தப் புகையைத் தினமும் சுவாசிப்பவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். அதற்காகத் தடை போடச் சொல்ல மாட்டோம். கெய்சரைவிடப் பல மடங்கு விலையுள்ள கருவியை வாங்க அந்தக் குடும்பங்களால் முடியாது. சோலார் ஹீட்டருக்கு மின்கட்டணத்தில் யூனிட்டுக்கு 50 பைசா, மாதம் 50 ரூபாய் வரை என்று தள்ளுபடி தந்திருக்கிறார்கள். அதுபோல ஹைபிரிட்டுக்கும் தர வேண்டும், வாங்கத் தவணைக் கடனும் வேண்டும் என்று அரசைக் கேட்கிறோம்.

கேஸ் கெய்சர் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டோம். மூடிய குளியலறைக்குள் அது கக்கும் கார்பன் மோனாக்சைடு நிறமும் வாசனையும் இல்லாமல் ஆளைக் கொல்லும். எங்கள் உறுப்பினர் வீடுகளில் குளியலறைக்குள் இருப்பவற்றை உடனே கழற்றச் சொல்கிறோம்.

வாடகை வீடுகளில் கெய்சர் வாங்குபவர் ஒருவர், பில் கட்டுபவர் இன்னொருவர். அதனால்தான் மலிவானதே மாட்டப்படுகிறது. வீட்டுக்காரர்கள் அடுத்த முறை ஹைபிரிட் வைத்து, வாடகையில் நியாயமான ஒரு தொகையைக் கூட்டிக்கொள்ளட்டும். பில்லில் குறைவது அதைவிட அதிகமாக இருக்கும்படி இருவரும் உட்கார்ந்து பேச, சங்க அலுவலகம் இடமும் ஆளும் தரும்.