பலகையை உயர்த்தியது யார்? பிடிபடுவது யார்?

தாராவி 90 அடி ரோட்டில் விடியற்காலையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பழைய பிளாஸ்டிக்கும் அட்டையும் ஏற்றிய டெம்போக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. கம்பெனி வைத்துக் கொடுத்த பக்கப் பலகைக்கு மேல் இன்னும் இரண்டடி, மூன்றடிக்குத் தகடு வைத்து வெல்டிங் செய்திருக்கிறார்கள். பின்சக்கரத்தின் மேல் ஸ்பிரிங் பட்டை கூடுதலாகச் செருகியிருக்கிறார்கள். சுமையின் உச்சியில் கிளீனர் பையன் உட்கார்ந்திருக்கிறான். ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் திருநெல்வேலிக்காரராக இருப்பார், இல்லையேல் உத்தரப் பிரதேசத்துக்காரராக இருப்பார். எவராயினும் வண்டிக்குச் சொந்தக்காரர் அல்லர்.

பிளாஸ்டிக் கனமில்லாத சரக்குதானே, பலகையை உயர்த்தினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பிளாஸ்டிக்குக்காக உயர்த்திய பலகை மறுநாள் இரும்புத் துண்டுக்கும், இடித்த கட்டட மண்ணுக்கும் அப்படியே நிற்கிறது. பலகை உயர்ந்தது; பட்டை கூடியது; பிரேக் மட்டும் கம்பெனி போட்டது போட்டபடி இருக்கிறது. சயான் சரிவில் இறங்கும்போது அந்தப் பிரேக்கை நம்பித்தான் நம் பிள்ளைகள் சாலையைக் கடக்கிறார்கள்.

சட்டம் இதில் தெளிவாகவே பேசுகிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரித்த கம்பெனி குறித்துக் கொடுத்த அளவிலிருந்து வண்டி மாறுபடும்படி மாற்றம் செய்யக்கூடாது என்கிறது. அனுமதி பெற்று எரிபொருளை மாற்றுவது, உடல் ஊனமுற்றோருக்கு ஏற்றபடி வண்டியை அமைப்பது போன்ற சிலவற்றுக்கே இடம் உண்டு. 2019 ஜனவரியில் கேரளத்து வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டத்தின்படி, விதிக்குப் புறம்பாக மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். கவனியுங்கள்: உரிமையாளருக்கு.

அதிக பாரத்துக்கு முன்பு 2,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 1,000 ரூபாய் என்றிருந்த அபராதத்தை அந்தத் திருத்தம் 20,000 ரூபாய், டன்னுக்கு 2,000 ரூபாய் என்று ஆக்கிவிட்டது. கூடுதல் சரக்கையும் இறக்கியாக வேண்டும். எடை போடச் சொல்லும்போது நிறுத்தாமல் போனால் 40,000 ரூபாய். நல்லது, தண்டனை கடுமையாகட்டும். ஆனால் சாலையில் நிறுத்தப்படும் நேரத்தில் சேட் ஆபீசில் இருக்கிறார். லைசென்ஸைப் பறிகொடுத்துவிட்டு வெயிலில் நிற்பவர் டிரைவர். அபராதத்தை மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொண்ட கதைகளை இந்தச் சங்கத்து வாசலில் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம்.

சாலைக்கு என்ன ஆகிறது என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை, சோதனைக்கென்றே சாலை போட்டு, பட்டாளத்து டிரைவர்களைக் கொண்டு இரவும் பகலும் லாரி ஓட்டிப் பார்த்தார்கள். அதிலிருந்து கிடைத்த கணக்கு இது: ஓர் அச்சின் மேல் விழும் பாரம் இரண்டு மடங்கானால் சாலைக்கு நேரும் சேதம் இரண்டு மடங்கல்ல, ஏறக்குறைய பதினாறு மடங்கு. பத்து டன் தாங்க வேண்டிய அச்சில் பதினைந்து டன் ஏறினால் ஐந்து மடங்கு. ஆக, ஒரு வண்டி நாலு நடையில் கெடுப்பதற்கும் மேலாக ஒரே நடையில் கெடுத்துவிடுகிறது. மழைக்காலத்தில் நம் தெருவில் விழும் குழிக்கு மழை மட்டும் பொறுப்பல்ல.

அரசும் இதில் சுத்தமான கையோடு நிற்கவில்லை. நான்கு டயர் கொண்ட தனி அச்சுக்கு இருந்த 10.2 டன் வரம்பை 2018 ஜூலையில் 11.5 டன்னாக உயர்த்தினார்கள். மேற்சொன்ன கணக்கின்படி, சட்டப்படியே ஓடும் அச்சு ஒன்று செய்யும் சேதம் ஒன்றரை மடங்கைத் தாண்டிவிட்டது. பழைய வரம்பை நம்பிப் போட்ட சாலைகள் அப்படியேதான் கிடந்தன. நாம் வேலை பார்க்கும் ரயில்வேயும் 2005 முதல் வேகன்களில் கூடுதல் பாரம் ஏற்றியதை மறைக்க விரும்பவில்லை. ஒரு வித்தியாசம் உண்டு: வேகனில் அளவுக்கு மேல் ஏற்றினால் ரயில்வே சட்டத்தின் 73ஆம் பிரிவின்படி தண்டக் கட்டணம் சரக்குக்காரரைத் தேடித்தான் போகும். எஞ்சின் டிரைவரை எவரும் கேட்பதில்லை.

1912இல் கட்டிய சயான் ரயில் மேம்பாலத்தை ஐ.ஐ.டி. ஆய்வுக்குப் பிறகு இடிப்பதற்காக 2024 ஆகஸ்ட் 1 முதல் மூடினார்கள். அதிக பாரம்தான் அதைக் கெடுத்தது என்று நாம் சொல்லவில்லை. அதற்கு வயதே 112. ஆனால் ஒரு பாலம் மூடினால் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும் சுற்றிப் போவது யார் என்பது தாராவிக்குத் தெரியும்.

டிரைவர் தோழர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று சட்டத்திலேயே இருக்கிறது. 113ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு: அதிக பாரத்தோடு ஓட்டியவர் உரிமையாளர் அல்லாதபோது, அது உரிமையாளருக்குத் தெரிந்தே, அல்லது அவர் உத்தரவின்பேரில் நடந்தது என்று நீதிமன்றம் கருதலாம். அபராதப் பிரிவும் ஓட்டியவரோடு நிற்காமல், ஓட்டச் செய்தவரையும் ஓட்ட விட்டவரையும் சேர்த்தே சொல்கிறது. எனவே ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருக்கும் எடையைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். எடைமேடைச் சீட்டின் நகலை வாங்காமல் வண்டியை எடுக்காதீர்கள். உயர்த்திய பலகையைப் படம் பிடித்து வீட்டாரிடம் கொடுத்து வையுங்கள்.

நம்மவரிலும் ஒரு டெம்போ, இரண்டு டெம்போ வைத்திருப்பவர்கள் உண்டு. பட்டறையில் தகட்டை வெல்டிங் செய்பவரும் பல இடங்களில் நம்மவரே. அவர்களுக்குக் கோபம் வந்தாலும் சொல்லத்தான் வேண்டும்: சேட்டுக்குச் சொன்னது அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

வடாலா ஆர்.டி.ஓ.வுக்கு நாம் கொடுக்கவிருக்கும் மனுவில் கோரிக்கை இரண்டுதான். மாற்றம் செய்த வண்டி பிடிபட்டால் உரிமையாளர்மீதும் வழக்குப் பதிய வேண்டும். சரக்கு ஏற்றும் இடத்திலேயே எடை போட வேண்டும். கையெழுத்துத் தாள்கள் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் கிளைகளில் இருக்கின்றன. வேலை போய்விடும் என்று அஞ்சும் டிரைவர்கள் கையெழுத்திட வேண்டாம். வீட்டிலிருப்பவர்கள் வந்து போட்டால் போதும்.