மலிவும் நலிவும்

மலிவு என்னும் சொல் செவியில் விழுந்த அளவில் மகிழாத இல்லறத்தார் இலர். மன்னார்க் கடைத்தெருவிலும், மகா சிவராத்திரிக் காலத்தில் திருக்கேதீச்சர வழியோரங்களிலும், எதை எடுத்தாலும் ஒரே விலை எனக் கூவி விற்போரைச் சூழ்ந்து நிற்கும் கூட்டமே அதற்குச் சான்றாகும். அம்மகிழ்ச்சியைப் பழித்தல் எமது நோக்கமன்று. சிறுவருவாயிற் குடித்தனம் நடத்துவோர்க்கு விலைக்குறைவு ஓர் அருங்கொடையே. ஆயினும், அம்மலிவு எங்ஙனம் பிறக்கின்றது என வினவுதல் கற்றோர் கடனாகும்.

இந்நாட்டு மக்கள் மலிவுக்கடையை நன்கறிந்தது போர்க்காலத்திலாகும். 1942ஆம் ஆண்டிற் பர்மா யப்பானியர் கைப்பட, அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீடும் கூப்பனும் வந்தன. ஊர்தோறும் கூட்டுறவுப் பண்டகசாலைகள் எழுந்தன. 1943இல் தோன்றிய கூட்டுறவு மொத்த விற்பனை நிலையம் பின்னர்ச் ‘சதோச’ என்ற பெயரால் வழங்கலாயிற்று. 1953 யூலையில் அரிசிக் கொத்தொன்றின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஓகத்து 12இல் நாடெங்கும் ஹர்த்தால் மூண்டது. ஒற்றோபரிற் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். மலிவு அன்று வணிகர் வழங்கிய சலுகையன்று. மக்கள் தமதெனக் கொண்ட உரிமை.

அச்சங்கக்கடைக்கு மண்ணெண்ணெய் வாங்கச் சென்றவர் போத்தலுங் கையுமாகச் சென்றார். அரிசிக்கு ஓலைப்பெட்டியும், மீனுக்கு உமலும் வீட்டிலிருந்தே சென்றன. மல்லியும் மிளகும் கடதாசிச் சரையில் வந்தன. பனை வளம் மிக்க இக்கரையிற் பெட்டியும் பாயும் சுளகும் அயல்வீட்டுப் பெண்களின் கைவண்ணங்கள். கொடுத்த காசு ஊருக்குள்ளேயே சுழன்றது. தொலைநாட்டுப் பொருள்களும் அன்று இங்கு அரியனவல்ல. 1914 முதல் தலைமன்னாருக்கும் தனுக்கோடிக்கும் இடையே நடந்த கப்பற்சேவை, 1964 திசெம்பர்ப் புயலில் தனுக்கோடி அழிந்த பின்னரும் இராமேசுவரத்திலிருந்து எண்பதுகளின் தொடக்கம்வரை நிகழ்ந்தது. வெளிப்பொருள் வந்தது கேடன்று. வந்த பொருள் நெடுநாள் உழைத்ததா என்பதே கேள்வி.

பழமை யாவும் பொன் என நாம் கூறோம். சங்கக்கடை வாயிலில் நெடுநேரம் கால்கடுக்க நின்றோர் உளர். அரிசியிற் கல் பொறுக்கியோரும் உளர். மண்குடமும் பித்தளைக் குடமும் சுமந்து இடுப்பொடிந்த பெண்டிர்க்குப் பிளாத்திக்கு வாளி ஒரு விடுதலையே. அதனைக் குறைகூற ஆடவராகிய எமக்கு உரிமையில்லை.

பொருளின் அருமையைப் போரும் எமக்குக் கற்பித்தது. 1990க்குப் பின், மன்னார்ப் பெருநிலத்தின் பல பகுதிகள் உட்பட, அரசின் கட்டுப்பாட்டிலில்லாத ஊர்களுக்கு மண்ணெண்ணெய், மின்கலம், சவர்க்காரம் முதலியன செல்லத் தடையிருந்தது. அன்று வெறும் சாம் போத்தல் விளக்காயிற்று. பனம்பழக்களி ஆடை வெளுத்தது. ஒரு போத்தலையும் எறியாது காத்த அதே மக்களின் பிள்ளைகள் இன்று ஒரு நாளில் எறிவன எத்தனை!

இன்றைய மலிவின் இயல்பைச் சிறு கணக்கொன்று காட்டும். நூறு ரூபாய்க்கு வாங்கிய வடிதட்டு மூன்று மாதத்தில் உடைகின்றது. முந்நூறு ரூபாய்த் தட்டு இரண்டாண்டு உழைக்கின்றது எனக் கொள்வோம். இரண்டாண்டில் மலிவுத் தட்டிற்குச் சென்ற பணம் எண்ணூறு ரூபாய். முந்நூறு ரூபாய் ஒருங்கே கையில் இல்லாத ஏழையே அவ்வெண்ணூறையும் செலுத்துகின்றான். சங்கக்கடையின் மலிவு பலர் ஒன்றுகூடி வாங்கியதாற் பிறந்தது. இன்றைய மலிவோ பெரும்பாலும் பொருளை நலியச் செய்வதாற் பிறக்கின்றது. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தல் தகாது.

உடைந்தவை எங்கே செல்கின்றன? மன்னார்த் தெருக்களில் திரியும் கழுதைகள் குப்பையோடு பொலித்தீனையும் மெல்லுகின்றன. எஞ்சியதைக் காற்று கடலுக்குக் கொண்டுசெல்ல, மீனவர் வலை மீண்டும் கரைக்குக் கொணர்கின்றது. சட்டங்கள் இல்லாமலில்லை. 2017 செற்றெம்பரில் உணவு சுற்றும் பொலித்தீன் தாள் தடைசெய்யப்பட்டது. 2021 மார்ச்சு 31 முதல், உணவும் மருந்தும் ஒழிந்த ஏனையவற்றின் 20 கிராமுக்கு மேற்படாத சிறு பிளாத்திக்குப் பொதிகளும் தடைப்பட்டன. 2025 நவம்பர் முதல், கடையிற் கொடுக்கும் பொலித்தீன் பைக்கு விலை அறவிடப்படுகின்றது. எனினும், வாங்குவோன் உமலை மறந்திருக்குமளவும் சட்டம் தனித்து என் செய்யும்?

ஆதலின் நாம் வேண்டுவன இரண்டே. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் எண்ணெய், பருப்பு, சலவைத்தூள் என்பவற்றை மக்கள் கொணரும் பாத்திரங்களில் அளந்து விற்று, பொதியின் விலையைக் குறைத்துக் கொடுத்தல் வேண்டும். பனை அபிவிருத்திச் சபை 1978 முதல் உள்ளது; பனையோலைப் பெட்டிகள் சுற்றுலாப் பயணிகளின் நினைவுப்பொருளாக மட்டும் நில்லாது, சங்கக்கடைத் தட்டுகளில் அன்றாடப் பொருளாகவும் இடம்பெறல் வேண்டும். அவை சற்று விலை கூடியனவாயின், தவணை முறையிற் கொடுத்து ஏழையின் இடரைத் தீர்த்தல் கூட்டுறவுக்கு இயலாததன்று.

பிறர்க்குரைப்பது எளிது. பழைய மாணவராகிய நாம் கூடி உண்ணும் விழா விருந்திலேயே இதனைத் தொடங்குவோம். வாழையிலை விரிப்போம், கழுவியெடுக்கும் குவளையில் நீர் அருந்துவோம். பந்தி கலைந்தபின் முற்றத்திற் குப்பை கிடவாதாயின், கற்றதன் பயனைச் சிறிதேனும் காட்டினோம் எனக் கல்லூரித்தாய் மகிழ்வாள்.