தடம் புரண்ட டிராமுக்கு ஆறுதல் பரிசுகூடக் கிடையாதா?

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றில் அறிவியல் கண்காட்சி. மூன்று நடுவர்களில் நானும் ஒருவன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர், 1895 முதல் 1953 வரை மெட்ராஸில் ஓடிய டிராமைச் செய்திருந்தார்கள். பிளைவுட் பலகை, ஜி.ஐ. கம்பியில் தண்டவாளம், உடைந்த பொம்மைக் காரின் மோட்டார். தெருமுனையில் திரும்புகிற மாதிரி 20 செ.மீ. ஆரத்தில் ஒரு வளைவு. அந்த வளைவில் டிராம் மூன்று முறை கவிழ்ந்தது. முதல் பரிசு எதற்குத் தெரியுமா? கடையில் வாங்கி ஒட்டிய தெர்மாகோல் ரயில் நிலையத்துக்கு. அதில் ஓடுவதற்கு ஒன்றுமே இல்லை.

"இவங்களோடது ஓடலையே சார்" என்றார் சக நடுவர்.

"ஓடினதாலதானே சார் தடம் புரண்டுச்சு?" என்றேன். இரண்டுக்கு ஒன்று, தோற்றுவிட்டேன்.

பொம்மைதானே, கம்பியை வளைத்து ஆணி அடித்தால் முடிந்தது என்று நினைப்பவர்கள் இதைக் கேளுங்கள். இரண்டு கம்பிக்கும் இடைவெளி 3 செ.மீ. கால் வட்டம் திரும்பும்போது வெளிக்கம்பி உள்கம்பியைவிட 4.7 செ.மீ. நீளமாக இருக்க வேண்டும். பை பெருக்கல் மூன்று, வகுத்தல் இரண்டு, அவ்வளவுதான். ஆரம் எதுவானாலும் இந்த வித்தியாசம் மாறாது! நம் கணவாயில் மீட்டர் கேஜ் ஓடிய காலத்திலும் கால் வட்டத்துக்கு 1.57 மீட்டர்தான். பிள்ளைகள் இரண்டையும் ஒரே நீளத்தில் வெட்டிவிட்டார்கள். மிஞ்சிய உள்கம்பியை நெருக்கித் தள்ளிப் பொருத்தியதில் நடுவில் ஒரு புடைப்பு. சக்கரம் அங்கேதான் ஏறியது.

அடுத்து, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 9 செ.மீ. 20 செ.மீ. ஆர வட்டத்தில் 9 செ.மீ. நாண் போட்டால் வில் நடுவில் 5 மி.மீ. விலகும். அச்சு இடைவெளியை 5 செ.மீ. ஆக்கினால் விலகல் ஒன்றரை மி.மீ.தான். பத்தாம் வகுப்பில் நாணையும் வில்லையும் நான் நடத்தும்போது தூங்கிய சிலர் இன்று இஞ்சினியர்கள். பெயர் சொல்லவில்லை.

நெருக்கமான வளைவு விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை. அகலப்பாதையில் 10 டிகிரிக்கு மேல் வளைக்கக் கூடாது, அதாவது ஆரம் 175 மீட்டருக்குக் குறையக் கூடாது. மீட்டர் கேஜுக்கு 16 டிகிரி வரை உண்டு. ஊட்டி மலை ரயிலில் பதினேழரை டிகிரி, 100 மீட்டர் ஆரம். 2010 கடைசியில் நம் ஊர் ரயில் நின்று, 2022-இல் அகலப்பாதையாகத் தேனிக்குத் திரும்பியதே, அதற்கு வேலை செய்தவர்களைக் கேளுங்கள். டிராமுக்கோ 20 மீட்டர் அளவே போதும். அதனால்தான் அது தெருவுக்குள் திரும்பியது. அந்தப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டது இருப்பதிலேயே கடினமான பகுதியை.

"ரெடிமேட் வளைவு ஆர்டர் பண்ணிரலாமே சார்" என்று குடும்பக் குழுவில் ஒரு மாப்பிள்ளை. பண்ணலாம், குற்றம் இல்லை. பணம் இருப்பவர் வாங்கட்டும். ஆனால் 4.7 செ.மீ.யைக் கடைக்காரர் கணக்குப் போட்டிருப்பார், பிள்ளை போட்டிருக்காது. அந்தக் கணக்குக்குத்தானே கண்காட்சி?

மறுநாள் இருவரையும் வீட்டுக்கு வரச் சொன்னேன். 40 செ.மீ. தாம்பாளத்தைச் சுற்றிக் கம்பியை வளைத்தோம். கையை எடுத்ததும் விரிந்துகொண்டது. அதைவிடச் சிறிய தட்டைச் சுற்றி வளைத்த பிறகே சரியான ஆரத்தில் நின்றது. (தாம்பாளத்தில் கீறல் விழுந்ததற்கு வீட்டில் எனக்கு விழுந்த திட்டு தனிக்கதை.) வளைவில் மட்டும் இடைவெளியை 1 மி.மீ. கூட்டினோம். உள்கம்பியை ஒட்டி இன்னொரு காவல் கம்பி, நிஜ ரயிலில் செக் ரயில் என்பார்களே, அது. இணைப்பை வளைவிலிருந்து நேர்ப்பகுதிக்கு மாற்றினோம். இப்போது பத்துச் சுற்றில் ஒரு முறைதான் கவிழ்கிறது. அது ஏன் என்று இன்னும் பிடிபடவில்லை. மூத்தவன் சக்கரத்தின் விளிம்பைச் சந்தேகிக்கிறான், நான் பலகையை.

வரும் ஞாயிறு மறுபடி வருகிறார்கள். பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கும் இடத்தில் உங்களில் பலர் இருக்கிறீர்கள். அடுத்த முறை மேசையருகே நிற்கும்போது கவிழ்ந்த வண்டியை ஒரு முறை திருப்பிப் பாருங்கள். ஆண்டிபட்டிப் பக்கம் வருபவர்கள் யாரிடமாவது 3 மி.மீ. ஜி.ஐ. கம்பி மிச்சம் இருந்தால் கொண்டுவாருங்கள். காப்பி உண்டு.