கத்தரிக்குள் புகுந்த கலை

2010-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மரபீனி மாற்றிய கத்தரியை உழவர் கையில் கொடுக்கலாமா என்று நடுவணரசின் சுற்றுச்சூழல் அமைச்சர் செயராம் இரமேசு ஏழு நகரங்களில் அவை கூட்டிக் கேட்டார். கொல்கத்தா, புவனேசுவரம், அகமதாபாத்து, நாக்பூர், சண்டிகர், ஐதராபாத்து, பெங்களூர் என்பன அந் நகரங்கள். ஏறத்தாழ 8000 பேர் வந்தனர். தமிழகத்து ஊர் ஒன்றுகூட அவ் வரிசையில் இல்லை. அதே மாற்றத்தைக் கோவை 2, மதுரை 1, கிள்ளிகுளம் 1, பாலூர் 1 என்னும் நான்கு தமிழகக் கத்தரி வகைகளில் ஏற்றும் பணியைக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் அதற்கு முன்பே மேற்கொண்டிருந்தது. காய் இங்கே, கேள்வி வேறிடத்தில்!

பிப்பிரவரி 9-ஆம் நாள் அமைச்சர் அக் கத்தரியை நிறுத்தி வைத்தார். அத்துடன் பேச்சு முடிந்தது எனத் தமிழர் பலர் அமைந்துவிட்டனர். நிறுத்தி வைத்தல் வேறு, நீக்குதல் வேறு. அண்டை நாடாகிய வங்காளதேசம் 2013-இல் இசைவு தந்து, 2014-இல் நாற்றையும் உழவர்க்கு வழங்கிவிட்டது. இங்கும் அக் கேள்வி மீண்டும் எழும் நாளில் தமிழுழவர் எதைக்கொண்டு விடை கூறுவர்? ஆதரிப்பார் ‘அறிவியல்’ என்னும் ஒரு சொல்லையும், எதிர்ப்பார் ‘நஞ்சு’ என்னும் ஒரு சொல்லையும் அவர் முன் வீசிவிட்டுச் செல்கின்றனர். செடிக்குள் நடந்தது இன்னதென அவர் மொழியில் எடுத்துரைப்பார் அரியர்.

நடந்தது தமிழிற் சொல்ல இயலாத மறைபொருளன்று. மண்ணில் வாழும் நுண்ணுயிரி ஒன்றுண்டு. கொடிமுந்திரி, முளரி முதலியவற்றின் தண்டு காயப்பட்டால், வேரும் தண்டும் கூடுமிடத்தில் அது கழலை எழச் செய்யும். 1907-இல் அமெரிக்கராகிய எர்வின் சுமித்தும் தௌன்செண்டும் நோய்க்கு இவ்வுயிரியே காரணம் எனக் காட்டினர். ஆய்வாளர் இதனை அக்ரோபாக்டீரியம் என்பர். அப் பெயர் ஆங்கிலர்க்கும் தாய்மொழிச் சொல்லன்று. கிரேக்க வேர்களால் கட்டியது. ‘அக்ரோசு’ வயல், ‘பாக்டீரியோன்’ சிறுகோல். வயற்குச்சில் என்று தமிழிற் சொல்ல நாக் கூசுவானேன்?

1974-இல் பெல்சிய நாட்டுக் கெண்ட் நகரில் செல், வான் மொந்தகு என்னும் இருவர், கழலை தரும் குச்சில்களில் மட்டும் பெரியதொரு வளைய மரபிழை இருக்கக் கண்டனர். 1977-இல் சியாட்டிலில் மேரி-டெல் சில்டனும் குழுவினரும் அவ் வளையத்தின் ஒரு துண்டு செடியின் உயிரணுவுக்குள் சென்று தங்கிவிடுவதை மெய்ப்பித்தனர். இதனைத் தொடக்கத்தில் நம்பாதவர் சில்டன் என்பது சுவையான செய்தி. செடி தன் காயத்திற் கசியவிடும் பொருளே குச்சிலை விழிப்பூட்டும். விழித்த குச்சில் தன் மரபிழைத் துண்டைச் செடிக்குள் செலுத்தும். செடியோ அதைத் தன்னுடையதென்றே கருதிக் குச்சிலுக்கு வேண்டிய உணவைச் சமைத்துக் கொடுக்கும்.

மாந்தர் செய்தது சிறுமாற்றம். துண்டிலிருந்து கழலை மரபீனிகளை நீக்கினர். விரும்பிய மரபீனியை அங்கே வைத்தனர். 1983-இல் மூன்று குழுக்கள் செடிகளில் இது கைகூடியதை அறிவித்தன. 1985-இல் முறை மேலும் எளிதாயிற்று. வட்டமாக வெட்டிய இலைத்துண்டைக் குச்சில் கரைசலில் தோய்த்து, இரண்டு மூன்று நாள் விட்டு, கனாமைசின் கலந்த ஊட்டத்தில் வைப்பர். மரபீனி ஏற்காத உயிரணுக்கள் மடியும், ஏற்றவை தளிர்க்கும். இத் தேர்வுக்காக, கனாமைசினைத் தாங்கும் மரபீனி ஒன்றும் உடன் செலுத்தப்படும். நெல் நெடுநாள் இம் முறைக்கு இணங்கவில்லை. 1994-இல் சப்பானியர் காயப்பொருளையும் உடன்சேர்த்து நெல்லையும் இணக்கினர். மராட்டிய மாநிலத்து மாகிக்கோ குழுமத்தின் கத்தரியும் இக் குச்சில்வழி வந்ததே. காய்த்துளைப்பானைக் கொல்ல அதில் ஏற்றிய மரபீனி மற்றொரு மண் நுண்ணுயிரிக்கு உரியது. தாங்கும் மரபீனியும் அதில் உண்டு.

இவற்றை அறிந்த உழவர், ‘தாங்கும் மரபீனி காயில் ஏன் இருக்கவேண்டும்?’ என்று கேட்பார். அறியாதவர் எதைக் கேட்பார்? ‘இயற்கைக்கு மாறு’ என்று கூவுவார்க்கும் ஒரு செய்தி உண்டு. 2015-இல் வெளிவந்த ஆய்வொன்று, ஆய்ந்த பயிரிடும் சருக்கரைவள்ளி வகை அனைத்திலும் குச்சிலின் மரபிழைத் துண்டு கிடப்பதைக் காட்டியது. எவர் கையும் படாமல் மண்ணே செய்த மாற்றம் அது!

ஐயம் கலையின்மேல் அன்று, கலையைப் பூட்டியவர்மேல். குச்சில் ஊழியூழியாய்ச் செய்த தொழிலுக்குக் காப்புரிமை கேட்டு, செர்மனியின் மாக்சு பிளாங்கு கழகமும் அமெரிக்க மான்சாண்டோ குழுமமும் நெடுங்காலம் வழக்காடி, 2005-இல் தமக்குள் இணங்கிக்கொண்டன. அதே ஆண்டில் ஆத்திரேலியக் கான்பராவில் இரிச்சர்டு செபர்சன் குழுவினர், வேர்முடிச்சு நுண்ணுயிரிகளின் இனத்தனவற்றையும் இப் பணிக்குப் பழக்கலாம் என நெல்லிலும் புகையிலையிலும் காட்டி, மேம்பாட்டைப் பகிர்வோம் என்று ஒப்புவார் எவர்க்கும் அம் முறையைத் திறந்துவிட்டனர். பூட்டை உடைத்தவர் முழக்கமிட்டவர் அல்லர்; தொழிலின் உள்ளறிந்தவர்.

கோவையில் அத் தொழில் அறிந்தார் உளர், தமிழும் அறிவர். நான்கு தமிழகக் கத்தரிகளில் என்ன ஏற்றப்பட்டது, எவ்வாறு ஏற்றப்பட்டது, எந்த உடன்பாட்டின்கீழ் ஏற்றப்பட்டது என்பதை உழவர் படிக்கும் தமிழில் அவர் எழுதித் தரல் வேண்டும். மீண்டும் கருத்துக் கேட்கப்படுமாயின் எட்டாவது ஊர் பாலூராகவோ கிள்ளிகுளமாகவோ இருக்கட்டும். அவை கூடுமுன்னரே அத் தாள் அவ்வூரார் கையில் இருக்கட்டும்.