கொட்டப்பட்டுக்கும் ஒரு விசா வேண்டும்

இலங்கையிலிருந்து வந்து தமிழக முகாம்களில் வாழும் தமிழர்களை மத்திய அரசு நீண்டகால விசாத் திட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். இதற்கு நாடாளுமன்றம் கூடிப் புதிய சட்டம் இயற்ற வேண்டியதில்லை. உள்துறை அமைச்சகத்தின் ஓர் ஆணை போதும்.

வெளிநாட்டவர் இந்தியாவில் நெடுங்காலம் தங்க இன்று என்னென்ன வழிகள் இருக்கின்றன? பணம் இருந்தால் ஒரு வழி. 18 மாதங்களுக்குள் 10 கோடி ரூபாய் முதலீடு செய்து, ஆண்டுக்கு 20 இந்தியர்களுக்கு வேலை கொடுத்தால் பத்தாண்டு வசிப்புரிமை தரும் திட்டம் 2016-இல் வந்தது.   

வம்சாவளி இருந்தால் இன்னொரு வழி, ஓ.சி.ஐ. எனப்படும் வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள் அட்டை. அதன் பயனை ஸ்ரீரங்கத்தில் நேரில் பார்க்கலாம். அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் குடியுரிமை பெற்றுவிட்டவர்கள் ஓய்வுக்காலத்துக்கென்று அங்கே அடுக்குமாடி வீடுகள் வாங்குகிறார்கள். ஒவ்வொரு முறையும் விசா எடுக்க வேண்டாம்; காவல்துறையில் பதிய வேண்டாம்; ஆயுள் முழுவதும் ரங்கநாதர் கோயிலுக்குப் பக்கத்திலேயே இருந்துவிடலாம். விவசாய நிலம் வாங்க முடியாது, வாக்குரிமை கிடையாது என்பவைதான் முக்கியமான தடைகள். நல்ல ஏற்பாடு இது. பிழைக்கப் போனவர்கள் வயதான காலத்தில் ஊர் திரும்புவதற்கு வழி திறந்து வைத்திருப்பதை மனமார வரவேற்கிறோம்.

மூன்றாவது வழி, துன்பப்பட்டு வந்தவர்களுக்கானது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் நாடுகளின் சிறுபான்மையினருக்கு ஐந்தாண்டு வரை நீண்டகால விசா தரப்படுகிறது. அதை வைத்துத் தனியார் வேலைக்குப் போகலாம், குடியிருக்க ஒரு வீடு வாங்கலாம், பான் அட்டையும் ஓட்டுநர் உரிமமும் பெறலாம். 2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இவர்களில் 2014 டிசம்பர் 31-க்குள் வந்தவர்களுக்குக் குடியுரிமைக்கே பாதை போட்டுக் கொடுத்தது.

திருச்சி விமான நிலையத்தை ஒட்டியிருக்கும் கொட்டப்பட்டு முகாமுக்கு இந்த மூன்றில் எதுவும் இல்லை. 1983 கலவரத்துக்குப் பின் வந்தவர்களும், இங்கேயே பிறந்த அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழும் இடம் அது. மாநில அரசு மாதாந்திர உதவித்தொகை தருகிறது. 2021-இல் பெயரையும் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. ஆனாலும் தணிக்கை நாளில் முகாமில் ஆள் இருந்தாக வேண்டும். பொறியியல் முடித்த பிள்ளை, கம்பெனிகள் கேட்கும் குடியுரிமைச் சான்றைக் காட்ட முடியாமல் பெயிண்ட் வேலைக்குப் போகிறான். மாநிலம் முழுவதும் முகாம்களில் சுமார் 58 ஆயிரம் பேர் இப்படி இருக்கிறார்கள்.

இவர்களில் பலர் மலையகத் தமிழர்கள். இலங்கைத் தோட்ட முதலாளிகள் 1904-இல் ஆள் சேர்ப்பதற்காகத் தொழிலாளர் ஆணையத்தைத் தொடங்கியபோது தலைமை அலுவலகத்தை வைத்தது திருச்சியில்தான். இந்தச் சுற்றுவட்டாரத்து ஏழைகளைக் கங்காணிகள் கப்பலேற்றினார்கள். 1948-இல் இலங்கை அவர்களுடைய குடியுரிமையைப் பறித்தது. 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு, 5.25 லட்சம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மொரீஷியஸில் ஏழாம் தலைமுறைக்கும், டிரினிடாடில் ஆறாம் தலைமுறைக்கும் ஓ.சி.ஐ. தருவதாக இந்தியா அறிவித்திருக்கிறது. மகிழ்ச்சி. ஆனால் அதே வம்சாவளியில் வந்தவர், பாட்டனின் ஊரிலிருந்து பேருந்தில் வரும் தூரத்தில் இருப்பவர், கடவுச்சீட்டு இல்லாமல் அகதியாக வந்தார் என்பதால் விண்ணப்பிக்கக்கூட முடியவில்லை. இதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

2025 செப்டம்பரில் புதிய குடியேற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு விசா, கடவுச்சீட்டு இல்லாத குற்றத்திலிருந்து விலக்கு கிடைத்தது. பெரிய நிம்மதிதான். ஆனால் சிறைக்கு அனுப்ப மாட்டோம் என்று சொல்வது வாழும் உரிமையைக் கொடுப்பது ஆகாது. இந்த விலக்கைத் தந்த அதே ஆணையில் பாகிஸ்தான் உள்ளிட்ட அந்த மூன்று நாட்டுச் சிறுபான்மையினருக்குக் கெடு 2024 டிசம்பர் 31 வரை நீள்வதையும் கவனிக்க வேண்டும்.

விசா கொடுத்தால் ஈழத்துக்குத் திரும்பும் எண்ணமே போய்விடும், அங்கே தமிழர் தொகை குறைந்துவிடும் என்ற கவலையைத் தமிழ் அமைப்புகள் சிலவும் சொல்வதுண்டு. அந்தக் கவலையை மதிக்கிறோம். ஆயினும் திரும்புவது அவரவர் விருப்பம். கையில் முறையான ஆவணம் இருப்பவர்தான் ஊருக்குப் போய் நிலைமையைப் பார்த்துவிட்டு வந்து நிதானமாக முடிவெடுக்க முடியும். மலையகத்தவருக்கோ திரும்பிப் போய் உரிமை கோர ஒரு துண்டு நிலமும் இல்லை.

நீதிமன்றம் தன் பங்கைச் செய்திருக்கிறது. கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த 65 மலையகத் தமிழர்கள் தொடுத்த வழக்கில், அவர்களுடைய குடியுரிமை மனுக்களை 16 வாரங்களில் முடிவுசெய்யுமாறு 2019 ஜூனில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னது. 1986-இல் மண்டபத்தில் பிறந்த கொட்டப்பட்டுப் பெண் ஒருவருக்குக் கடவுச்சீட்டு தர 2022-இல் உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். 1987 ஜூலை 1-க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்பது சட்டம். அப்படியிருக்க, ஒவ்வொருவரும் வக்கீல் வைத்துத்தான் அதைப் பெற வேண்டுமா?

விசாவுக்கும் குடியுரிமைக்கும் வேண்டிய ஆவணங்களைத் திரட்டும் வேலையைத் திருச்சி மாவட்ட ஆட்சியரே தொடங்கலாம். கொட்டப்பட்டிலும் வாழவந்தான்கோட்டையிலும் வருவாய்த்துறை சிறப்பு முகாம் நடத்தி, 1987-க்கு முன் பிறந்தவர்களின் பிறப்புப் பதிவுகளையும், மலையகக் குடும்பங்களின் தோட்டத்துச் சான்றுகள், பூர்வீக ஊர் விவரங்களையும் திரட்ட வேண்டும். பதிவில்லாதவர்களுக்கு மருத்துவமனைப் பழைய ஏடுகளைத் தேடியெடுத்துத் தருவதும் அரசின் பொறுப்பாக இருக்கட்டும்.