நாட்டுக் குணமும் நடுவுநிலைமையும்

ஒரு நாட்டு மக்களின் குணம் அந்நாட்டின் காற்றாலும் வெப்பத்தாலும் அமைவதோ, அன்றி ஆட்சியாலும் பழக்கத்தாலும் அமைவதோ என்பது 16-ஆம் நூற்றாண்டு முதல் ஐரோப்பிய அறிஞர் பலர் ஆராய்ந்த வினாவாகும். அவ்வறிஞர் கண்ட உண்மையினும், அவர் வழுவிய இடமே எமக்கு மிக்க படிப்பினை தருவதாகத் தோன்றுகின்றது.

நம் நாட்டு வைத்தியர் வாதம், பித்தம், சிலேத்துமம் என மூன்று கூறுதல்போல, கிரேக்க வைத்திய மரபினர் உதிரம், கபம், மஞ்சட்பித்தம், கரும்பித்தம் என நான்கு கூறினர். இவற்றுள் மிக்கதற்கேற்ப ஒருவன் களிப்பினனாகவோ, மந்தனாகவோ, சினத்தனாகவோ, துயரினனாகவோ ஆவன் என்பது அவர் கொள்கை. தனிமனிதனுக்குக் கூறிய இதனை நாடுகளுக்கும் உரித்தாக்கினோருள் பிரெஞ்சு அறிஞர் ழான் போதென் ஒருவர். வடபுலத்தார் உடல்வலி மிக்கார்; தென்புலத்தார் ஆழ்ந்த சிந்தனை மிக்கார்; நடுப்புலத்தாரே அரசியலுக்கு ஏற்றவர் என்று 1576-இல் அவர் எழுதினார். பிரான்சு அந்நடுப்புலத்தில் உளதென்பதைக் கூறவும் வேண்டுமோ? அவருக்கு ஏறக்குறைய 1,900 ஆண்டுகட்கு முன்னரே அரிஸ்டாட்டில் அவ்விடத்தைக் கிரேக்கர்க்கு அளித்திருந்தார்!

1748-இல் மாந்தெஸ்கியு என்பார், ஆட்டு நாவொன்றின் ஒரு பாதியை உறையவைத்து, அதன் நுண்மொட்டுகள் குளிரிற் சுருங்கக் கண்டு, குளிர்நாட்டார்க்குப் புலனுணர்ச்சி குறைவென முடிவுசெய்தார். தாம் கண்ணாற் காணாத இந்தியாவின் மக்கள் இயல்பிலேயே வீரமற்றவர் என்றும் எழுதினார்.

அதே 1748-இல் இக்காற்றுக் கொள்கையை மறுத்தவர் ஸ்காத்லாந்து அறிஞர் டேவிட் ஹியூம். ஆதென்ஸும் தீப்ஸும் ஒருநாள் நடைத் தொலைவினவே; ஆயினும் முன்னது அறிவுக் கூர்மைக்கும் பின்னது மந்தத்திற்கும் பெயர்பெற்றன; காற்று எங்ஙனம் காரணமாகும்? ஆட்சியும், தொழிலும், கூடிவாழ்தலுமே குணத்தை ஆக்குவன என்றார். யாம் இவ்வாதத்தை முழுதும் ஏற்கின்றோம்.

அந்தோ! அதே கட்டுரையில் 1753-இல் அவர் சேர்த்த அடிக்குறிப்பு, கறுப்பின மக்கள் இயற்கையிலேயே தாழ்ந்தோர் போலும் என்கின்றது. ஜமைக்காவிற் கல்விமான் எனப் புகழ்பெற்ற ஒருவரைக் கேள்வியுற்றும், சில சொற்களைப் பயின்ற கிளிக்கு அவரை ஒப்பிட்டார். தம் வாதத்தை வெள்ளையர்க்கு மட்டுமே உரியதாக்கிக் கொண்டார். எழுதப் படிக்க அறியாது, தலைவன் ஏவியதன்றி வேறொன்றும் செய்யவொண்ணாத அடிமையிடம் கல்விச் சிறப்பை எதிர்பார்த்தல் தகுமோ என 1770-இல் ஜேம்ஸ் பீட்டி அவரை மறுத்தார். ஹியூமின் கொள்கையையே ஹியூமுக்கு நினைவூட்டிய விடை இஃதென்போம்.

கல்லாதார் வழுவினர் எனின் வியப்பில்லை. காரணம் காணும் வழியைப் பிறர்க்குக் கற்பித்தவரே வழுவினர். ஆதலின் கற்ற நாம் அஞ்சுதல் வேண்டும். இன்ன ஊரார் கஞ்சர், இன்ன சாதியார் முரடர் என்று விடுதித் திண்ணையில் நாம் நகையாடுங்கால், ஆட்டு நாவினும் சிறிய சான்றையே கைக்கொண்டுள்ளோம் அல்லமோ? ஒவ்வொருவரும் தம் நாட்டை நடுவில் வைத்தனர். நடுவுநிலைமையில் நின்றார் சிலரே. அச்சிலருள் ஒருவராதலே கல்வியின் பயன் என்பது எம் துணிபு.