சாலையை விடுவோம், மேட்டைக் கேட்போம்!

“வெட்டிப் பயல்கள்! வீட்டுக்கு அடங்காதவர்கள்! மோட்டார் சைக்கிளைக் கையில் கொடுத்தால் வடசென்னைப் பையன்களுக்குத் தலைகால் புரிவதில்லை!”

இப்படி ஏசுவது சிலருக்கு இன்று பொழுதுபோக்காகி விட்டது. வியாசர்பாடி, எம்.கே.பி. நகர், கொடுங்கையூர் என்று முகவரியைச் சொன்னால் போதும். வண்டியின் சாவியைப் பார்க்கும் முன்பே பையனின் சாதகத்தைக் கணித்து விடுகிறார்கள். அடையாற்றுப் பையன் வண்டி ஓட்டினால் ‘சாகசம்’. நம் பையன் ஓட்டினால் ‘ரௌடித்தனம்’! இந்த அகராதியை எழுதியவர் எவரோ, நாம் அறியோம்.

எனினும் தோழர்களே, ஏச்சில் ஒரு பாதி உண்மை உண்டு. அதை மூடி மறைப்பது நம் வழக்கமன்று. நள்ளிரவில் கடற்கரைச் சாலையிலும் பாலங்களின் மீதும் பந்தயம் விடுகிற வாலிபர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டு, தூங்கும் குழந்தை வீறிட்டு அழும்படி தெருவை அதிர வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். பின்னிரவில் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு காசிமேட்டு ஏலத்துக்குச் செல்லும் தாய் சாலையைக் கடக்கும்போது, இருளைக் கிழித்துக்கொண்டு ஒரு வண்டி பாய்ந்து வந்தால் அவள் கதி என்ன? அவள் யார்? நம் வீட்டுத் தாயல்லவா! பொதுச் சாலையில் பந்தயம் விட்டால் முதல் முறை மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை ஓராண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம் என்று, 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் கூறுகிறது. அந்தச் சட்டத்தை நாம் எதிர்க்கவில்லை. சாலைப் பந்தயத்தை ஒழிக்கத்தான் வேண்டும்.

ஒழிப்பது எப்படி என்பதுதான் கேள்வி. வண்டியைப் பறிமுதல் செய்யலாம். பையனை உள்ளே தள்ளலாம். அவன் நெஞ்சில் இருக்கும் ஆர்வத்தை எந்தக் காவல் நிலையத்தில் பூட்டி வைப்பது? ஆற்றைத் தடுத்தால் போதாது, கால்வாய் வெட்ட வேண்டும். அந்தக் கால்வாயைப் பற்றித்தான் இன்று எழுதுகிறோம். சாலையை விட்டு இறங்கி, மண்ணிலும் மணலிலும் மேட்டிலும் பள்ளத்திலும் மோட்டார் சைக்கிளை நிதானமாகச் செலுத்தும் ஆட்டம் ஒன்று இருக்கிறது. அது வெறும் வேடிக்கை அன்று. அதற்கு வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் நமக்கும் பங்கு உண்டு.

தொழிலாளி தொடங்கி வைத்த ஆட்டம்

1914-ம் ஆண்டு. இங்கிலாந்தின் யார்க்ஷயர் சீமையில் ஷிப்லி என்னும் ஊரில் ஆல்பிரெட் ஸ்காட் என்பவர் மோட்டார் சைக்கிள் ஆலை நடத்தி வந்தார். தம் ஆலைத் தொழிலாளர்களைப் பார்த்து அவர் ஒரு சவால் விட்டார்: “நீங்கள் செய்கிற வண்டியில் நீங்களே ஏறுங்கள். ஆலை வாசலில் புறப்பட்டு, பாதையில்லாத பள்ளத்தாக்குகளைக் கடந்து பர்ன்சால் சிற்றூர் போய்ச் சேருங்கள், பார்க்கலாம்!” பதினான்கு பேர் புறப்பட்டார்கள், ஒன்பது பேர் போய்ச் சேர்ந்தார்கள். அதுதான் ‘ஸ்காட் டிரையல்’. நூறாண்டு கடந்தும் அது நடந்து வருகிறது.

கவனியுங்கள், தோழர்களே! அந்தப் பந்தயத்தை முதன்முதலில் ஓட்டியவர்கள் பிரபுக்களின் பிள்ளைகள் அல்லர். கையில் எண்ணெய்க் கறை படிந்த தொழிலாளர்கள். ‘இது பணக்காரன் ஆட்டம், உனக்கெதற்கு?’ என்று நம் பையனைப் பார்த்துக் கேட்பவர்களுக்கு இதைவிட வேறு பதில் தேவையில்லை.

பிறகு ஆட்டம் கிளை விட்டது. 1924-ல் தென் இங்கிலாந்தின் கேம்பர்லியில், கரடுமுரடான தரையில் யார் முந்துவது என்ற பந்தயம் நடந்தது. அதன் வழியில் வளர்ந்ததே பின்னாளில் ‘மோட்டோகிராஸ்’ எனப்பட்டது. வேகத்தை நாடாமல் நிதானத்தைச் சோதிப்பது ‘டிரையல்’ என்றே நிலைத்தது.

திருவொற்றியூர் செய்த இயந்திரம்

இங்கிலாந்தின் கதை எம்.கே.பி. நகருக்கு எதற்கு என்று கேட்கலாம். சொல்கிறோம்.

1948-ல் இத்தாலியின் சான் ரெமோவில் ஆறு நாள் கடும் பந்தயம் நடைபெற்றது. வென்ற பிரிட்டிஷ் அணியில் இருவர் ஓட்டியது, ரெட்டிச் நகரத்து ராயல் என்பீல்டு ஆலை புதிதாகச் செய்த ‘புல்லட்’. 1952-லும் 1957-லும் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் டிரையலில் ஜானி பிரிட்டன் முதலிடம் பெற்றதும் ராயல் என்பீல்டின் மீதுதான். புல்லட் என்றால் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கும் மிடுக்குக்கும் உரிய வண்டி என்று இன்று நினைக்கிறோம். சேற்றிலும் பாறையிலும் பேர் எடுத்த வண்டி அது.

அந்த வண்டி எங்கே வந்தது? நம் திருவொற்றியூருக்கு! 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து ‘என்பீல்டு இந்தியா’வைத் தோற்றுவித்தன. தொடக்கத்தில் கப்பலில் வந்த உறுப்புகளை இங்கே பூட்டினார்கள். சில ஆண்டுகளிலேயே உறுப்புகளையும் இங்கேயே வார்த்துக் கடைந்து எடுத்தார்கள். 1967-ல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது. 1970-ல் இங்கிலாந்தில் ராயல் என்பீல்டின் கதையே முடிந்தது. திருவொற்றியூர் முடியவில்லை. 1977-ல் இங்கு செய்த புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதி ஆயிற்று. ஆசானின் கடை மூடிய பிறகு, அவன் வாசலிலேயே சரக்கை விற்ற சீடன் நம் தொழிலாளி!

வண்டியைச் செய்தது வடசென்னை. ஓடவிட்டுப் பார்த்ததும் வடக்கேதான். இரண்டாம் உலகப் போர்க்காலத்துச் சோழவரம் விமான ஓடுபாதையில், 1953-ல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல்லாண்டுகள் பந்தயம் நடத்தியது. செங்குன்றத்தைத் தாண்டினால் சோழவரம். சைக்கிளை மிதித்தே போய்விடலாம். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் புதிய பந்தயத் தடம் திறந்தது. நல்ல தடம்தான், குறை கூறவில்லை. ஆனால் அது நகரின் மறுகோடியில் இருக்கிறது. அங்கே ஓட்டப் பயிற்சி வேண்டும், உரிமம் வேண்டும், உடை வேண்டும், பணம் வேண்டும். சோழவரம் ஓய்ந்த நாளிலிருந்து நம் பையனுக்கு மிச்சம் இருப்பது சாலை ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமைத் தோழமை

எல்லாப் பையன்களும் சாலையில் பந்தயம் விடுகிறார்களா? இல்லை. ஞாயிறு விடியலில் எம்.கே.பி. நகரின் தேநீர்க் கடை ஒன்றில் நாம் கண்ட காட்சியைக் கூறுகிறோம்.

எட்டு வண்டிகள். எதுவும் புதிதல்ல. ஒன்று அப்பா ஓட்டிய புல்லட். மற்றவை வாரமெல்லாம் உழைக்கிற வண்டிகள். ஒருவர் கண்டெய்னர் லாரியில் கிளீனர். ஒருவர் எண்ணூரில் பிட்டர். ஒருவர் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டு போகிறவர். ஒருவர் தெருமுனைப் பட்டறையில் மெக்கானிக். காலில் ஆலையில் கொடுத்த சேப்டி ஷூ, தலையில் ஹெல்மெட். புதுப்பேட்டையில் பேரம் பேசி வாங்கிய பழைய பாகங்களை ஓய்வு நேரத்தில் தாங்களே பூட்டியிருக்கிறார்கள். பின்சக்கரத்துப் பல்சக்கரத்தைச் சற்றுப் பெரிதாக மாற்றினால் வேகம் குறைந்து இழுவை கூடும் என்பதை எந்தக் கல்லூரியும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. கை சொல்லித் தந்தது.

மாதவரம், செங்குன்றம், சோழவரம், ஜனப்பன்சத்திரம் கூட்டுச்சாலை என்று போய், பெரியபாளையம் பக்கம் ஒரு தரிசு நிலம். உடையவரிடம் கேட்டு அனுமதி வாங்கியிருக்கிறார்கள். அங்கே தொடங்குகிறது பாடம். மணலில் இறங்குமுன் டயரின் காற்றைக் குறைக்கிறார்கள். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தவன் விழுகிறான். தளர விட்டு, எழுந்து நின்று, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, பதறாமல் ஆக்ஸிலேட்டரைத் திருகியவன் கடக்கிறான். விழுந்தவனைப் பார்த்து எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரித்துக்கொண்டே ஓடிப்போய்த் தூக்குகிறார்கள். முதலில் கடந்தவன் போய்விடுவதில்லை. கடைசி வண்டி கரையேறும் வரை காத்திருக்கிறான். மணலில் புதைந்த வண்டியை நால்வர் சேர்ந்து இழுக்கும்போது, எந்தக் கை எந்தச் சாதியின் கை என்று எவரும் கேட்பதில்லை. மேடையில் நாம் மணிக்கணக்கில் பேசும் சமத்துவத்தை அவர்கள் மணலில் ஐந்து நிமிடத்தில் செய்து காட்டுகிறார்கள்!

மதியம் வீடு திரும்பும்போது உடம்பெல்லாம் புழுதி. ஆனால் அந்தப் புழுதியைத் தின்றவனுக்கு இரவில் சாலையில் பந்தயம் விடும் வெறி எழுவதில்லை. அதை அவர்களே நம்மிடம் கூறினார்கள்.

கேட்பது என்ன?

நாம் கேட்பது கோடிக்கணக்கில் செலவாகும் பந்தயத் தடம் அன்று. டிரையல் ஆட்டத்தின் விதியைக் கேளுங்கள். அங்கே முந்துவதில் பெருமை இல்லை. குறித்த பாதையில் மேடு, பாறை, மரக்கட்டை ஆகியவற்றைக் கால் ஊன்றாமல் கடக்க வேண்டும். ஒரு முறை காலை ஊன்றினால் ஒரு புள்ளி. விழுந்தால், நின்றால் ஐந்து புள்ளி. குறைந்த புள்ளி பெற்றவனே வெற்றி வீரன். பெரும்பாலும் நடக்கிற வேகம்தான். இதற்குத் தேவை நாலைந்து ஏக்கர் நிலம், லோடு லோடாக மண், பழைய லாரி டயர், இடித்த கட்டடத்தின் கற்கள், ரயில்வேயின் பழைய கட்டைகள். இவற்றில் எது துறைமுகப் பகுதியில் கிடைக்காது?

நிலம் எங்கே என்பார்கள். எம்.கே.பி. நகருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது கொடுங்கையூர் குப்பைமேடு. நகரமெல்லாம் கொட்டிய குப்பையை, தலைமுறை தலைமுறையாக நாற்றத்தோடும் புகையோடும் சுமந்தது நம் மக்கள். அந்தக் குப்பையை அகழ்ந்து பிரித்து, சுமார் 250 ஏக்கரை மீட்கும் திட்டத்தை மாநகராட்சி மேற்கொண்டிருக்கிறது. மீளும் நிலத்தில் மரம் வளரட்டும். பெண்கள் உலவப் பூங்கா எழட்டும். கால்பந்து ஆடப் புல்தரை வரட்டும். மண்ணைச் சோதித்து, நலக்கேடு இல்லை என்று கண்ட பிறகு, ஒரு மூலையில் நாலைந்து ஏக்கர் மேடு பள்ளத்தை மேடு பள்ளமாகவே விட்டுவிடுங்கள் என்கிறோம். சமன் செய்யும் செலவுகூட மிச்சம்!

2024 ஆகஸ்டு 31-லும் செப்டம்பர் 1-லும் தீவுத்திடலைச் சுற்றியுள்ள சாலைகளில் பார்முலா 4 கார்கள் இரவில் ஓடின. நகரத்தின் நடுச்சாலையையே பந்தயத்துக்குக் கொடுக்க முடிந்த ஊரில், நகரத்தின் குப்பையைச் சுமந்தவனுக்கு ஒரு மூலை கொடுக்க முடியாதா?

“குழாயில் தண்ணீர் ஒழுங்காக வரவில்லை, மழை பெய்தால் தெருவில் முழங்கால் நீர், இதில் மோட்டார் சைக்கிள் மேடு ஒரு கேடா?” என்று நம் தோழர்களே கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. தண்ணீரும் வேண்டும், வடிகாலும் வேண்டும். அவற்றுக்கான போராட்டத்தை ஒருநாளும் கைவிட மாட்டோம். ஆனால் 1923-ல் சிங்காரவேலர் இந்த நகரில் முதல் மே தினக் கொடியை ஏற்றியபோது அதன் பின்னால் நின்ற முழக்கம் என்ன? எட்டு மணி உழைப்பு, எட்டு மணி உறக்கம், எட்டு மணி நமக்கென்று! அந்த மூன்றாவது எட்டு மணி நேரத்தில் தொழிலாளி மகிழக் கூடாதா? மகிழ்ச்சியும் உரிமைதான்.

வாய்ப்புக் கிடைத்தால் நம் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்பதற்குச் சான்று வேண்டுமா? 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்று வந்தார் வடசென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா. கேரம் பலகைக்குத் திண்ணை போதும். ஆகவே அவரை எவராலும் தடுக்க முடியவில்லை. மோட்டார் சைக்கிளுக்குத் திண்ணை போதாது. 2015-ல் டக்கார் பாலைவனப் பந்தயத்தை முடித்த முதல் இந்தியர் பெங்களூரின் சி.எஸ். சந்தோஷ். 2024-ல் அதே பந்தயத்தில் ‘ராலி 2’ பிரிவை வென்றவர் கேரளத்து ஹரித் நோவா. அவரைத் தாங்கிய அணியில் ஓசூர் டி.வி.எஸ். நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. பெங்களூர் கொடுத்தது, கேரளம் கொடுத்தது, வண்டி செய்த வடசென்னை எப்போது கொடுக்கப் போகிறது?

நம் கடமை

அரசைக் கேட்பதோடு நம் வேலை முடியவில்லை. ஒவ்வொரு படிப்பகத்திலும் பத்திரிகைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பானர் பெட்டியும் முதலுதவிப் பெட்டியும் இருக்கட்டும். வயதான மெக்கானிக் தோழர்கள் மாதம் ஒரு ஞாயிறு வகுப்பு எடுக்கட்டும். வாலிபர்கள் மன்றம் கட்டட்டும்; மன்றத்துக்கு விதி எழுதட்டும். உரிமம் இல்லாதவனுக்கு இடமில்லை, ஹெல்மெட் இல்லாதவனுக்கு இடமில்லை, குடித்தவனுக்கு இடமில்லை, சைலன்சரைக் கழற்றியவனுக்கு இடமில்லை, சாலையில் பந்தயம் விட்டவன் மன்றத்தில் இல்லை. ஏரிக்கரை உழவனுடைய உயிர், அதன்மேல் வண்டி ஏறக்கூடாது. எண்ணூர் முகத்துவாரமும் பழவேற்காட்டுச் சதுப்பும் மீனவருக்கும் பறவைக்கும் சொந்தம், அங்கே சக்கரம் படக்கூடாது. இப்படிக் கட்டுப்பாட்டோடு நின்று கேட்டால், மறுக்க எவருக்கு வாய் வரும்?

1918-ல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளிகளைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்ட மண் இது. ஒன்றுசேர நமக்கு எவரும் கற்றுத் தர வேண்டியதில்லை.

தம்பிகளே! இன்றிரவே சாலைப் பந்தயத்துக்கு முழுக்குப் போடுங்கள். ஞாயிறு விடியலில் மன்றத்துக்கு வாருங்கள். உங்களுக்காக அந்த மேட்டைக் கேட்க நாம் வருகிறோம். மேடு கிடைத்த நாளில், ஏசிய வாய்களையெல்லாம் அழைத்து முன்வரிசையில் அமர்த்துவோம். கால் ஊன்றாமல் கடந்து காட்டுங்கள்!